மூச்சு அடங்கிய பின்

குவைத்தின் ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமை மாலை நான்கு தமிழர்கள் ஓர் அறையில் கூடினால் பேச்சு சம்பளம், விசா, ஊர் அரசியல் என்று சுற்றிவிட்டு எப்போதாவது தியானத்துக்கும் வந்து சேரும். ஒருவர் ஆழியாற்றில் மனவளக்கலை கற்றவராக இருப்பார். இன்னொருவர் ஈஷா வகுப்பு முடித்தவர். மூன்றாமவர் எந்த வகுப்புக்கும் போகாமல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு ஷிஃப்ட் பஸ்ஸில் வாசிப்பவர். “மூச்சைப் பிடிச்சு என்ன ஆகப்போவுது அண்ணே, அதுவும் ஒரு எக்சர்சைஸ்தான்” என்பார் இவர். “ஒரு நிமிஷம் நிக்காத மனசை வச்சுக்கிட்டு நீ என்னத்தை விசாரிக்கப்போறே?” என்று பதில் வரும். நான்காமவர் டீ போட எழுந்து போய்விடுவார்.

இந்த வழக்கு வளைகுடாவில் தொடங்கியதல்ல. பிராணாயாமம், ஜபம், சக்கரத் தியானம் என்று படிப்படியாக மனத்தை அடக்கும் யோகம் ஒரு பக்கம். அடங்க வேண்டிய அந்த ‘நான்’ யார் என்று நேரே கேட்கும் அத்வைத விசாரம் மறுபக்கம். இரண்டும் சேருமா, சேர்ந்தால் எது முன், எது பின் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். எது உயர்ந்தது என்பதில் எனக்கு அக்கறை குறைவு. யோகம் முடிகிற நிமிடத்தில் சாதகன் என்ன செய்கிறான் என்பதில்தான் வழக்கின் முடிச்சு இருக்கிறது என்பது என் கட்சி. பழைய நூல்களும் திருவண்ணாமலை ரமணரும் சொன்னதைக் கூர்ந்து பார்த்தால், சண்டையின் பெரும்பகுதி அந்த நிமிடத்தைக் கவனிக்காததால் வந்தது என்றே தோன்றுகிறது.

பதஞ்சலியின் யோகம் இரண்டு பொருள்களை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது: பார்க்கும் புருஷன், பார்க்கப்படும் பிரகிருதி. சித்தத்தின் அலைகள் ஓய்ந்தால் புருஷன் தனித்து நிற்பான், அதுவே கைவல்யம். அத்வைதிக்கோ இரண்டாவது பொருளே கிடையாது. அறியாமையால் தோன்றிய கட்டு அறிவால்தான் போகும், எந்தச் செய்கையாலும் போகாது என்பது அவன் வாதம். பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் யோக தரிசனத்தை ஒரு சூத்திரத்தின் கீழ் மறுத்துவிட்டுத்தான் மேலே போகிறார். ஆனால் அவர் மறுப்பது அதன் தத்துவத்தை. ஆசனம், மன ஒருமை போன்ற பயிற்சிகள் உபநிடதத்துக்கு முரணாகாத அளவில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

அவர் பெயரில் வழங்கும் ‘அபரோட்சானுபூதி’ இன்னும் சுவாரசியமான வேலையைச் செய்கிறது. யோகத்தின் அங்கங்களை 15 ஆக விரித்து, ஒவ்வொன்றின் பெயரையும் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிவிடுகிறது. மூச்சை வெளிவிடுதல் என்றால் உலகத் தோற்றத்தை விலக்குதல். உள்ளிழுத்தல் என்றால் ‘பிரம்மமே நான்’ என்ற எண்ணம். நிறுத்துதல் என்றால் அந்த எண்ணத்தில் அசையாது நிற்றல். மூக்கைப் பிடிப்பதைக் கேலி செய்துவிட்டு, கடைசியில் ஒரு சலுகையும் தருகிறது: பக்குவம் முற்றாதவர்கள் இதோடு ஹடயோகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், முற்றியவர்களுக்கு இது ஒன்றே போதும். இரண்டையும் கலக்க அத்வைதம் தந்த வெளிப்படையான அனுமதிகளில் இது முக்கியமானது. இதே வழியில் 14-ஆம் நூற்றாண்டில் சிருங்கேரியின் வித்யாரண்யர் ‘ஜீவன்முக்தி விவேகம்’ எழுதினார். தத்துவ ஞானம் வந்துவிட்டால் மட்டும் போதாது, மனோநாசமும் வாசனைகளின் தேய்வும் கூடவே நடக்க வேண்டும் என்று சொல்லி, பதஞ்சலியையும் யோகவாசிட்டத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். படித்துத் தெரிந்துகொண்ட அத்வைதம் கோபம் வந்தால் பறந்துபோவதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

தமிழில் இந்தக் கலப்பு அனுமதி கேட்டு நிற்கவில்லை. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை மூச்சின் கணக்கோடு விரிக்கிறார். அதே நூலில் சீவனும் சிவனும் வேறல்ல என்ற பேச்சும் வருகிறது. சித்தர்கள் வாசியையும் மெய்யறிவையும் ஒரே பாட்டில் பாடினார்கள். வீரை ஆளவந்தார் தமிழாக்கிய ஞானவாசிட்டத்தின் மூலநூல், மனம் அடங்க யோகம், ஞானம் என்று இரு வழிகளைச் சொல்லி, ஒருவருக்கு எளிதானது இன்னொருவருக்குக் கடினம் என்று விட்டுவிடுகிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு இதே சித்தர் சொற்களை எடுத்துத் தம் சூஃபி வழிக்கு வைத்துக்கொண்டார். ஃபஹாஹீல் அறையில் டீ போடப் போனவர் கீழக்கரைக்காரராக இருந்தால் இந்த உரையாடல் அவருக்கும் அந்நியமில்லை.

இதையெல்லாம் வேகமாகக் கடந்து வந்ததற்குக் காரணம், கேள்வி கூர்மையடையும் இடம் திருவண்ணாமலை என்பதுதான்.

1900-க்கும் 1902-க்கும் இடையில் விருபாட்ச குகைக்கு இரண்டு பேர் கேள்விகளோடு வந்தார்கள். இருவருமே சர்க்கார் காகிதங்களோடு புழங்கியவர்கள். கம்பீரம் சேஷய்யர் திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்சியர். விவேகானந்தரின் ‘ராஜயோகம்’ முதலான நூல்களைப் படித்துக்கொண்டிருந்தவர்; அவற்றில் வந்த சந்தேகங்களைத் துண்டுக் காகிதங்களில் கொண்டுவந்தார். சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவம் படித்த பட்டதாரி. தென்னார்க்காட்டு ரெவின்யூ இலாகா ஊழியர். அவர் கேட்டது வேறு எதையும் அல்ல, தன்னையே. இருபது வயது கடந்திருந்த ரமணர் அப்போது பேசாதிருந்தார், எழுதித்தான் காட்டினார். ஓவர்சியருக்கு எழுதிய விடைகள் ‘விசார சங்கிரகம்’ ஆயின. பிள்ளைக்கு எழுதியவை ‘நான் யார்?’ ஆகி 1923-இல் அச்சேறின.

இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர் திகைத்துப்போவார். முதல் நூலில் எட்டு அங்க யோகம், ரேசகம், பூரகம், கும்பகம், அவற்றுக்கு இணையான ஞான அட்டாங்கம் எல்லாம் முறையாக வருகின்றன. இரண்டாவதில், மனம் அடங்க விசாரத்தைத் தவிரத் தகுந்த உபாயம் வேறில்லை என்ற நிலைப்பாடு. பிராணாயாமம், உருவ தியானம், மந்திர ஜபம், உணவுக் கட்டுப்பாடு நான்கும் துணைகள் மட்டுமே. மூச்சு அடங்கியிருக்கும்வரை மனம் அடங்கியிருக்கும். மூச்சு வெளிவந்ததும் அதுவும் புறப்பட்டுப் பழைய வாசனைகளின் பின்னே அலையும். ஒரே ஆள், ஒரே குகை, ஏறத்தாழ அதே ஆண்டுகள். கேட்டவர்கள்தான் வேறு. யோகம் படித்து வந்தவரை அவர் நிற்கும் படியிலிருந்தே கூட்டிப்போகிறார். எதுவும் கொண்டுவராதவரை நேரே உள்ளே அழைக்கிறார்.

1907 நவம்பரில் காவ்யகண்ட கணபதி முனி வந்தார். மந்திரங்களைக் கோடிக்கணக்கில் உருவேற்றியும் தவத்தின் இயல்பு பிடிபடவில்லை என்று காலில் விழுந்தவர். அவருக்குக் கிடைத்த விடைக்கு இரண்டு பாகம். ‘நான்’ என்பது எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம். இது முதல் பாகம். மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனித்தாலும் மனம் அங்கேயே ஒடுங்கும், அதுவும் தவமே, இது இரண்டாவது. இந்த இரண்டாம் பாகத்தைப் பலர் ஒரு சமாதான வார்த்தையாக வாசித்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். ஜபத்தை விடச் சொல்லவில்லை. ஜபத்தின் திசையைத் திருப்பச் சொல்கிறார். பயிற்சி அப்படியே இருக்கிறது, கவனம் மட்டும் பயிற்சியின் பொருளிலிருந்து அதைச் செய்கிறவன் பக்கம் திரும்புகிறது.

பிறகு 1927-இல் வந்த ‘உபதேச உந்தியார்’. தாருகாவனக் கதையைப் பாடிக்கொண்டிருந்த முருகனார், சிவன் முனிவர்களுக்குத் தந்த உபதேசத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள் என்று ரமணரைக் கேட்க, 30 பாட்டாக வந்தது அது. பெண்கள் உந்திபறந்து ஆடும் பாட்டின் மெட்டில் இவ்வளவு கறாரான வரிசை எப்படி உட்கார்ந்தது என்பது தனியே வியக்க வேண்டியது. பூசை, ஜபம், தியானம், பிறகு மூச்சு, கடைசியில் விசாரம். மூச்சைப் பற்றிய சில பாட்டுகளில்தான் நம் கேள்விக்கு நேர் விடை இருக்கிறது. மனமும் மூச்சும் ஒரே மூலத்தின் இரண்டு கிளைகள், ஆகவே ஒன்றை அடக்கினால் மற்றது அடங்கும். ஆனால் அடக்கம் இரு வகை: ஒன்று லயம், மற்றது நாசம். லயித்தது மறுபடி எழும், அழிந்தது எழாது. மூச்சால் ஒடுங்கிய மனத்தை உடனே ஒரே வழியில், தன் மூலத்தை நாடும் வழியில், செலுத்தினால்தான் அதன் உருவம் அழியும்.

லயத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரமணர் ஒரு கதை சொல்வதுண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி. சமாதியிலிருந்து கண் விழித்தவருக்குத் தாகம். சீடனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். அவன் திரும்புவதற்குள் மறுபடி சமாதி கூடிவிட்டது. ஆண்டுகள் நூறு நூறாகக் கழிந்தன. அரசுகள் மாறின, கங்கையே தடம் மாறி ஓடியது. ஒருநாள் கண்ணைத் திறந்தார். வாயில் வந்த முதல் சொல்: தண்ணீர் எங்கே? அத்தனை காலம் அடங்கிக் கிடந்த மனம், விட்ட இடத்திலிருந்து ஒரு நூல்கூடப் பிசகாமல் தொடர்ந்தது. கும்பகத்தில் கெட்டிக்காரர்களாக இருக்கும் நம் நண்பர்கள் சிலர், தியானம் முடிந்த அடுத்த நிமிடம் மெஸ்ஸில் குழம்பு சரியில்லை என்று கத்தும்போது இந்தக் கதை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடிவதில்லை.

ரமணரின் சொந்த அனுபவமும் இங்கே சாட்சி சொல்கிறது. 1896 ஜூலையில், 16 வயதில், மதுரை வீட்டு மாடியில் திடீரென வந்த மரண பயத்தின்போது அவர் செய்ததைப் பின்னாளில் விவரித்திருக்கிறார்: உடம்பை விறைப்பாக நீட்டிப் படுத்தார், உதட்டை இறுக்கினார், மூச்சை நிறுத்தினார், இந்த உடம்பு செத்தால் நான் செத்தேனா என்று உள்ளே திரும்பினார். யோகம் எதுவும் கற்றிராத பையன். ஆனாலும் மூச்சு நின்றதும் கேள்வி எழுந்ததும் அங்கே ஒரே கணத்தில் நடந்தன. அவரை யோகத்துக்கு எதிரியாக நிறுத்துகிறவர்கள் இந்தக் காட்சியை இன்னொரு முறை வாசிக்கலாம்.

மூச்சை அடக்க முடியாதவர்களுக்கு அதை வெறுமனே பார்த்திருக்கச் சொன்னதும் உண்டு. பார்த்திருந்தாலே அது தணியும் என்பது அவர் கருத்து. ரேசகத்தை ‘நான் இதுவல்ல’ என்றும், பூரகத்தை ‘நான் யார்’ என்றும், கும்பகத்தை ‘அதுவே நான்’ என்றும் கொள்ளும் ஞானப் பிராணாயாமத்தையும் விளக்கினார். ஆனால் ‘நான் யார்’ என்பதை மந்திரமாக உருப்போடுவதை மட்டும் ஏற்கவில்லை. அது வாயால் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி அல்ல என்பதை மறுபடி மறுபடி சொல்லவேண்டி வந்திருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வரலாம். தமிழ்நாட்டில் இந்தக் கலப்பைப் பாடத்திட்டமாகவே வகுத்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஆழியாற்று அறிவுத் திருக்கோயில் பின்னால் வந்தது. எளிய முறைக் குண்டலினி யோகம் என்று அவர் தந்ததில் ஆக்கினை, சாந்தி, துரியம், துரியாதீதம் எனத் தவங்கள் ஒரு வரிசையில் போகின்றன. இணையாக அகத்தாய்வு என்று இன்னொரு வரிசை: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியாக ‘நான் யார்?’. கணக்குப் பிள்ளை பாணியில், காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து இன்று யார் மேல் கோபம் வந்தது, ஏன் வந்தது என்று எழுதச் சொல்லும் இந்த முறை குடும்பஸ்தர்களுக்கு மிகவும் ஏற்றது. மூன்று வருடமாக மனைவி மக்களை விட்டுப் பிரிந்திருப்பவனுக்கு ஆசை சீரமைத்தல் என்பது தத்துவப் பாடமல்ல, அன்றாடப் பிரச்சினை.

என் விலகல் அந்தக் கடைசிப் படியில்தான். வேதாத்திரியத்தில் ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு விடை உண்டு. உடலைப் பகுத்துச் செல்கள், மூலக்கூறு, அணு, விண் என்று போய்ச் சுத்தவெளியில் நின்று, அதுவே நான் என்று தெளிகிறோம். அழகான பிரபஞ்சவியல். ஆனால் இந்த ஆராய்ச்சி முழுக்க ‘நான்’ என்கிறவன் எதிரே வைத்துப் பார்க்கும் பொருள்களின் வரிசையாகவே நடக்கிறது. பார்க்கிறவன் பக்கம் கை நீளுவதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது. ரமணரின் விசாரத்தில் விடை எழுதும் இடமே கிடையாது. ஈஷா கிரியையிலும் இதை வேறு விதமாகக் காணலாம்: உள்மூச்சில் நான் உடலல்ல, வெளிமூச்சில் நான் மனமும் அல்ல என்று நினைக்கச் சொல்கிறார்கள். மூச்சோடு நேதி முறையைச் சேர்த்த எளிய, நல்ல தொடக்கம். அதுவும் அறிக்கையாகவே நிற்கிறது. அறிக்கை விடுகிறவன் யார் என்று திரும்பினால்தான் விசாரம் தொடங்கும். இரண்டு மரபுகளும் கேள்வியின் வாசல்வரை கொண்டுவிடுகின்றன. அதற்கு மேல் போவது சீடன் பொறுப்பு.

வேதாத்திரியிடம் நான் முழுமனதோடு எடுத்துக்கொள்வது சாந்தி தவத்தை. நெற்றியிலும் உச்சியிலும் தவம் செய்து தலை கனத்துப்போனவனை மூலாதாரத்துக்கு இறக்கி விடும் பயிற்சி அது. ஏற்றத் தெரிந்த ஆசிரியர்கள் நிறையப் பேர். இறக்கத் தெரிந்தவர் குறைவு.

வளைகுடாவுக்கு யோகம் வந்த பாதை வேறு. உண்மையில் அது இங்கே இரண்டாம் வருகை. 11-ஆம் நூற்றாண்டில் அல்-பீரூனி பதஞ்சலியின் சூத்திரங்களை ஓர் உரையோடு சேர்த்து, கேள்வி பதில் வடிவத்தில், அரபியில் பெயர்த்தார். இந்தியா பற்றிய தன் பெருநூலில் யோகியரையும் சூஃபிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அன்று யோகம் அரபு மொழிக்குள் நுழைந்தது தத்துவமாக. இன்றைய வருகை உடற்பயிற்சியாக. ஜூன் 21-ஐ உலக யோகா தினமாக ஐ.நா. 2014-இல் அறிவித்தது, சவூதி அரேபியா 2017-இல் யோகாவை விளையாட்டுகளில் ஒன்றாக அங்கீகரித்தது, அங்கே அதற்காக உழைத்த நூஃப் மர்வாய்க்கு மறு ஆண்டு பத்மஸ்ரீ. குவைத்தில் உரிமம் பெற்ற முதல் யோகா கூடத்தை நிறுவிய ஷேக்கா ஷைக்கா அல்-சபாவுக்கு 2025-இல் அதே விருது. இடையில் 2022 பிப்ரவரியில் பாலைவனத்தில் பெண்களுக்காக ஏற்பாடாகியிருந்த யோகா முகாம் எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டதும் குவைத்தில்தான். மூட்டு, முதுகு, மன அழுத்தம் என்று பேசினால் வரவேற்பு. ஆத்மா, பிரம்மம் என்று போனால் புருவம் உயரும். அதனால் இங்கே யோகத்தின் முதல் பாதி கூடத்திலும் பூங்காவிலும் கிடைக்கிறது. இரண்டாம் பாதி அறைக்குள், கட்டிலில், தனியாளாகச் செய்யவேண்டியதாக ஆகிவிட்டது. விசாரத்துக்கு இது பெரிய நஷ்டமில்லை. அதற்குப் பாயும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

மங்காஃபில் தங்கி ஷுவைபா பக்கத்து ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியனாக இருக்கும் நண்பர் ஒருவரின் அதிகாலையை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அறையில் ஆறு பேர், மூன்று இரட்டை அடுக்குக் கட்டில். இவருடையது கீழ்க் கட்டில். பழைய போர்வையைத் திரையாகக் கட்டி ஒரு மறைவு. மூன்றரைக்கு எழுந்து, முகம் கழுவி, திரைக்குள் சம்மணமிட்டு உட்காருவார். மேல் கட்டிலில் தலை இடிக்கும் என்பதால் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார வேண்டும். நாடி சுத்தி, பிறகு நீண்ட வெளிமூச்சு, பிறகு சிறிது நேரம் நெற்றியில் கவனம். ஏசி இரைச்சலுக்கு நடுவே அவர் தோள் தாழ்வதும் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிவதும் வெளியிலிருந்தே தெரியும். சரியாக அந்த இடத்தில் கைபேசி அலாரம் அதிரும். அணைத்துவிட்டு, அதே கையால் வாட்ஸப்பைத் திறப்பார். ஊரிலிருந்து வந்த செய்தி, கேம்ப் பஸ் குரூப், ஷிஃப்ட் மாற்றம். கால் மணி நேரம் உழைத்துத் தேடிய அமைதியைப் பத்து நொடியில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவார். “மனசு நல்லாத்தான் அடங்குது, ஆனா ஒண்ணும் மாறலை” என்பது அவருடைய நீண்ட நாள் புகார்.

உந்தியாரின் அந்தப் பாட்டு பேசுவது இந்தப் பத்து நொடியைப் பற்றித்தான். மூச்சு மெலிந்து, எண்ணம் அரிதாகி, ஆனால் தூங்கிவிடாமல் இருக்கிற அந்த நிலையில் ‘இருக்கிறேன்’ என்ற உணர்வு மட்டும் மிச்சம் நிற்கும். அப்போது கேட்க வேண்டும்; வார்த்தையால் அல்ல, கவனத்தால்: இந்த அமைதியை அறிகிறது யார்? சாதாரண நேரத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் இரைச்சலில் மூழ்கிவிடும். அமைதியில் போட்டால் அமைதியும் ஒரு காட்சிதான் என்பது தெரியத் தொடங்கும். யோகி ருசித்து உட்கார்ந்துவிடும் இடத்தில் விசாரம் செய்கிறவன் உட்காராமல் திரும்புகிறான். அலாரத்தைச் சில நிமிடம் தள்ளி வைக்கவும் அதன் ஒலியை மெதுவானதாக மாற்றவும் நண்பரிடம் சொன்னேன். ஒலியை மாற்றிவிட்டார், வாட்ஸப்பைத் தள்ளிப்போடுவது கடினமாக இருக்கிறதாம்.

மூச்சு ஏன் மனத்தை இப்படி அசைக்கிறது என்பதில் இன்றைய உடலியல் ஓரளவு வெளிச்சம் தருகிறது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது; நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் இதயமும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. 2001-இல் இத்தாலியின் பெர்னார்டியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும் ‘ஓம் மணி பத்மே’ மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு தானாகவே இந்த ஆறுக்கு வந்து நின்றது. ஜபமும் மூச்சும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று. அந்த அமைதி யாருக்கு என்ற கேள்விக்குக் கருவிகளிடம் பதில் கிடையாது. இருக்க வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

எச்சரிக்கை சொல்லவேண்டிய இடமும் இதுவே. கலவை எல்லோருக்கும் ஒரே அளவில் ஒத்துக்கொள்ளாது. தியானத்தால் வரும் தொல்லைகளை முறையாகத் தொகுத்து லிண்டாலும் பிரிட்டனும் குழுவினரும் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அச்சம், தூக்கமின்மை, தன்னிலிருந்தே தான் விலகிப்போன உணர்வு எல்லாம் அதில் பதிவாகியுள்ளன. இந்த விலகலை ஞானம் என்று எண்ணிக்கொள்வது எளிது. உடம்பு நான் அல்ல என்று அறிவது வேறு; சாப்பிடப் பிடிக்காமல், பேசப் பிடிக்காமல், கண்ணாடி முகம் யாரோபோலத் தெரிவது வேறு. முதலாவதில் மனிதன் இலகுவாவான். இரண்டாவதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியே இருப்பவன், இரவு ஷிஃப்ட் முடித்து உறக்கம் கெட்டவன், நாளெல்லாம் வெயிலில் வியர்த்து நீர் வற்றியவன், யூடியூப் பார்த்து வேகமான மூச்சுப் பயிற்சியும் நீண்ட கும்பகமும் செய்துவிட்டு அந்தக் கிறுகிறுப்பில் ‘நான் யார்’ என்று கேட்பது ஆபத்தான விளையாட்டு. குவைத்தில் கோடையில், ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, பகல் 11 முதல் 4 வரை திறந்தவெளி வேலைக்கே அரசு தடை போடுகிறது. அந்த மாதங்களில் மூச்சை அடக்குவதைவிடப் பார்த்திருப்பதே போதும். ரமணர் எளியவர்களுக்குச் சொன்னதும் அதைத்தான்.

இன்னொரு தவறான பயன்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. சம்பளம் மூன்று மாதம் வரவில்லை, கோபம் வருகிறது. ‘கோபம் யாருக்கு வந்தது?’ என்று விசாரித்து அமைதியாகிவிடுகிறான் ஒருவன். முதலாளிக்கு இதைவிட வசதியான ஞானம் வேறு இல்லை. விசாரம் கோபக்காரனின் வேரைத் தேடுவதற்கு. சம்பள பாக்கியை மறக்கடிப்பதற்கு அல்ல. மனிதவள ஆணையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பிறகு உட்கார்ந்து விசாரிக்கட்டும். புகார் எழுதும்போது கை நடுங்காமல் இருந்தால் அந்த அளவில் தியானமும் உதவியிருக்கிறது.

விசாரத்துக்கு இருக்கிற பெரிய அனுகூலம் அது உட்காரக் கேட்காதது. பிராணாயாமத்துக்கு வெறும் வயிறு, காற்றோட்டம், நேரம் மூன்றும் வேண்டும். ஃபஹாஹீலில் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். வால்வைத் திறந்து மூடிக்கொண்டே, செக்யூரிட்டி கேட்டில் வரிசையில் நின்றுகொண்டே, ஃபோர்மேன் திட்டியதும் உள்ளே சுருக்கென்று ஒன்று எழுகிறதே, அதை அந்தக் கணத்திலேயே பிடிக்கலாம்: எழுந்தது எது, யாருக்கு? நாள் முழுக்க இப்படிச் சின்னச் சின்னதாகத் திரும்பியவனுக்கு, அதிகாலையில் மூச்சு அடங்கும்போது கேள்வி வலிந்து போட வேண்டியதாக இருக்காது. பழகிய வழியில் தானே திரும்பும். கலப்பு என்று நாம் சொல்வது இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். யோகம் ஒரு வேளைக்கும் விசாரம் நாள் முழுதுக்கும் என்று வேலை பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தேய்க்காமல் வளர்க்கின்றன.

ஆலையில் ஷட்டவுன் வந்தால் இந்த ஏற்பாடு சோதனைக்கு வரும். 12 மணி நேர வேலை, வார விடுமுறை இல்லை, தொடர்ந்து பல வாரம். மூன்றரைக்கு எழுந்து மூச்சு பார்க்க முடியாது. படுத்தால் போதும் என்றிருக்கும். அப்போது சிலருக்கு மூச்சுப் பயிற்சி அறுந்தாலும் கேள்வி நிற்கிறது. சிலருக்குக் கேள்வி முதல் வாரத்திலேயே மறைந்துபோய், பஸ் சீட்டில் தலை சாய்த்து எண்ணும் நாலு நீண்ட மூச்சுதான் கைகொடுக்கிறது. இந்த இரண்டாம் வகையினரை உந்தியார் தள்ளிவிடவில்லை. அந்த வரிசையில் மூச்சுக்கு ஓர் இடம் இருப்பதே அவர்களுக்காகத்தான்.